ஒளியின் ஐந்தொகை: காதங்கியும் கோலாரும் சொல்லும் ஆற்றல் வரலாறு



சித்தூர்ச் சீமை என்றதும் நம்மவர் நினைவுக்கு முதலில் வருவது திருமலையும் காளத்தியும் காணிப்பாக்கமும். அதற்கடுத்து மாம்பழம், வெல்லம். 1960-ஆம் வருஷம் திருத்தணி அந்தப் பக்கம் போய், நாம் இந்தப் பக்கம் நின்ற எல்லைக் கதையைச் சொல்லப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வரலாறுகளை எழுத நம்மிடம் அறிஞர் பெருமக்கள் உண்டு. நான் எடுத்துக்கொண்டது வேறொரு வரலாறு.

ஆற்றல் அழியாது, உருமாறும் என்பது விஞ்ஞானத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. வெயிலும், ரேடியோ அலையும், எக்ஸ் கதிரும் மின்காந்த அலை என்ற ஒரே குடும்பம் என்பது இன்னொரு அடிப்படை. இவ்விரண்டையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் இந்த விதிகளோடு நேரடித் தொடர்புள்ள, உலகம் அறிந்த இரண்டு இடங்கள் நம் பக்கத்திலேயே இருப்பது பலருக்குத் தெரியாது. ஒன்று, திருப்பதி–சித்தூர் சாலையில் உள்ள காதங்கி. மற்றொன்று, சித்தூர் மாவட்டத்தின் மேற்கு எல்லையை ஒட்டிய கோலார் தங்கவயல். முதலாவது வானத்தை அளக்கிறது. இரண்டாவது பூமிக்குள் இறங்கி, உலகம் தேடிக்கொண்டிருந்த ஒன்றைப் பிடித்தது.

நான் கல்லூரி வாசல் மிதித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்து, வெதுருகுப்பத்தில் வெல்ல மண்டி வைத்துப் பிழைப்பவன். (வெதுரு என்றால் தெலுங்கில் மூங்கில், குப்பம் நம்ம சொல். ஊர்ப் பெயரிலேயே இரண்டு மொழியும் கூட்டு வியாபாரம் செய்கின்றன!) கோவையிலிருந்து வந்த 'கலைக்கதிர்' இதழும், பெ. நா. அப்புசாமி அவர்களின் அறிவியல் தமிழும்தான் எனக்கு இந்த வழியைக் காட்டின. அறுபது தாண்டிய ஒரு வியாபாரி இதைத் தன் கணக்குப் பாஷையில் சொல்கிறான் என்று கொள்ள வேண்டுகிறேன்.

மண்டிக் கணக்கும் இயற்கைக் கணக்கும்

நாள்வழியில் எழுதியதைப் பேரேட்டில் ஏற்றுகிறோம். வருஷ முடிவில் ஐந்தொகை போடுகிறோம். முதல் ரொக்கமாக இருக்கலாம், சரக்காக இருக்கலாம், கடனாக வெளியே நிற்கலாம். உருவம் மாறும், ஆனால் மொத்தம் பிசகக் கூடாது. பத்து ரூபாய் உதைத்தாலும் கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போக முடியாது. அந்தப் பத்து ரூபாய் காற்றில் கரைந்துபோச்சு என்றால் எந்த முதலாளியும் ஒப்புக்கொள்ள மாட்டார். எங்கேயோ ஒரு பதிவு விட்டுப்போயிருக்கு, தேடு என்பார்.

இயற்கையும் இப்படித்தான் கணக்கு வைக்கிறது. வெயிலை வாங்கிக் கரும்பு வளர்கிறது. சாறு பிழிந்த சக்கையை அதே வெயிலில் காயவைத்து, அதையே எரித்துப் பாகு காய்ச்சுகிறோம். ஒரு கிலோ வெல்லத்தில் ஏறத்தாழ 3,800 கிலோ கலோரி இருக்கிறது. மின்சாரக் கணக்கில் சொல்லப்போனால் நான்கரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. அத்தனையும் வெயில் கொடுத்த சரக்கு. வெயில் என்பது மின்காந்த அலை. ஆக, நான் மேலே சொன்ன இரண்டு அடிப்படைகளும் ஓர் உருண்டை வெல்லத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

இன்னும் ஒரு கணக்கு. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் அலிபிரியிலிருந்து 3,550 படி ஏறித் திருமலைக்குப் போகிறார். ஏறும் உயரம் சுமார் 700 மீட்டர். அந்த உயரத்துக்கு அவர் எடையைத் தூக்க வேண்டிய ஆற்றல் முப்பது கிராம் வெல்லத்தில் இருக்கிறது. ஆனால் நம் உடம்பு வாங்கியதில் நாலில் ஒரு பங்கையோ ஐந்தில் ஒரு பங்கையோதான் வேலையாக மாற்றும். மிச்சம் உடற்சூடு. அதைத் தணிக்கத்தான் வழியெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது. ஆகவே நூற்றிருபது முதல் நூற்றைம்பது கிராம் வெல்லம் செலவு. வேர்வையையும் சேர்த்து எழுதினால்தான் கணக்கு ஒத்துவரும்.

மூன்று வெளியாட்கள்

இந்தக் கணக்கை முதலில் கண்டவர்கள் யார் என்று பார்த்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. மூவருமே அன்றைய பௌதிகப் பேராசிரியர் கூட்டத்துக்கு வெளியாட்கள்.

முதலாமவர் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரத்து மருத்துவர் ராபர்ட் மேயர். 1840-இல் டச்சுக் கப்பலில் வைத்தியராக ஜாவாத் தீவுக்குப் போனார். அங்கே மாலுமிகளுக்கு ரத்தம் எடுக்கும்போது, கருஞ்சிவப்பாக இருக்க வேண்டிய சிரை ரத்தம் நல்ல சிவப்பாக இருந்தது. நம்ம ஊர் போன்ற வெக்கைப் பிரதேசத்தில் உடம்பு தன்னைச் சூடாக வைத்துக்கொள்ள அதிகம் எரிக்க வேண்டியதில்லை, அதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்று யோசித்தார். அதிலிருந்து உணவு, உடற்சூடு, உழைப்பு மூன்றும் ஒரே கணக்கின் பதிவுகள் என்ற முடிவுக்கு வந்தார். அவருடைய முதல் கட்டுரையைப் பௌதிக ஏடு வெளியிடவில்லை. 1842-இல் ஒரு வேதியியல் ஏட்டில்தான் அவர் கருத்து அச்சேறியது.

இரண்டாமவர் ஜேம்ஸ் ஜூல். இங்கிலாந்தில் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் மதுவடிசாலை நடத்திய குடும்பம். எடைக்கற்கள் கீழே இறங்க, அதனால் துடுப்புச் சக்கரம் சுழன்று தண்ணீரைக் கலக்க, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி சூடாக்க, 772 பவுண்டு எடை ஓர் அடி இறங்க வேண்டும் என்பது 1850-இல் வெளியான அவர் கணக்கு. இன்றைய அளவு 778. அந்தக் காலத்து வெப்பமானியை வைத்துக்கொண்டு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான வித்தியாசத்தில் சொல்லியிருக்கிறார்.

மூன்றாமவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், ராணுவ மருத்துவர். 1847-இல், இருபத்தாறு வயதுகூட நிரம்பாதபோது, இயக்கம், வெப்பம், மின்சாரம், காந்தம் எல்லாவற்றுக்கும் பொதுவாக இந்த விதியை எழுதினார். மேயரைத் திருப்பியனுப்பிய அதே ஏடு இவரையும் திருப்பியனுப்பியது. சிறு நூலாகத் தாமே வெளியிட வேண்டியதாயிற்று. பட்டம் பதவி பார்த்துக் கருத்தை எடைபோடக் கூடாது என்பதற்கு இம்மூவரையும்விட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

வழியில் உள்ள சரக்கு

ஒளி இந்தக் கணக்கில் எப்படிச் சேர்ந்தது?

1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானி அதிகமாக ஏறியது. அது அகச்சிவப்புக் கதிர். அடுத்த வருஷமே ரிட்டர் ஊதாவுக்கு அப்பால் உள்ள புறஊதாக் கதிரைக் கண்டார். கண்ணுக்குத் தெரிவது ஒரு சிறு பகுதிதான் என்பது அப்போது தெரிந்தது.

மின்சாரமும் காந்தமும் ஒன்றையொன்று பிறப்பித்துக்கொண்டு அலையாகப் பரவும், அதன் வேகம் ஒளியின் வேகம், ஆகவே ஒளியே அப்படிப்பட்ட அலைதான் என்று 1865-இல் மேக்ஸ்வெல் கணிதத்தால் காட்டினார். 1887–88-இல் ஹெர்ட்ஸ் ஒரு கருவியில் தீப்பொறி உண்டாக்கி, தொடர்பே இல்லாமல் தள்ளி வைத்த இன்னொரு கருவியில் சிறு பொறி தோன்றுவதைக் காட்டினார். 1895-இல் கல்கத்தாவில் நம் ஜகதீச சந்திர போஸ் கம்பியில்லாமலே தூரத்திலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார்.

இங்கேதான் கணக்குக் கேள்வி வருகிறது. ஆற்றல் இந்தக் கருவியை விட்டுப் புறப்பட்டுவிட்டது, அந்தக் கருவிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. இடைப்பட்ட நேரத்தில் அது எங்கே? சூரியனிலிருந்து வெயில் நம்மை வந்தடைய எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த எட்டு நிமிஷம் ஆற்றல் யார் பேரேட்டில் இருக்கிறது? வெதுருகுப்பத்தில் ஏற்றிய லோடு சென்னையில் இறங்கும்வரை நாங்கள் அதை 'வழியில் உள்ள சரக்கு' என்று எழுதுவோம். அதுபோல வெற்றிடத்தில் பரவும் மின்காந்தப் புலமே ஆற்றலைச் சுமக்கிறது. ஒரு சதுர மீட்டர் வழியாக எவ்வளவு போகிறது என்பதற்கு 1884-இல் பாய்ண்டிங் சூத்திரமே எழுதிவிட்டார். பூமியின் காற்றுமண்டலத்துக்கு மேலே, சூரியனை நேரே பார்த்து நிற்கும் ஒரு சதுர மீட்டரில் 1,361 வாட் வந்து விழுகிறது.

1900-இல் பிளாங்க், 1905-இல் ஐன்ஸ்டீன் இன்னொன்று சொன்னார்கள். இந்தச் சரக்கு உதிரியாகக் கைமாறுவதில்லை, பொட்டலமாகத்தான் கைமாறும். அலை எவ்வளவு வேகமாகத் துடிக்கிறதோ அவ்வளவு பெரிய பொட்டலம். இதை ஒளித்துகள் என்கிறோம்.

காதங்கியின் நாலு ஏக்கர்

வெதுருகுப்பத்துக்கு அதிக தூரமில்லாத காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. விண்வெளித் துறையின் கீழ் 1992-இல் தேசிய எம்.எஸ்.டி. ரேடார் நிலையமாகத் தொடங்கி, 2005-இல் இந்தப் பெயரைப் பெற்றது. ரேடாரை வடிவமைத்தது மும்பை 'சமீர்' நிறுவனம். திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக ஆய்வாளர் பலர் இதன் அளவீடுகளைக்கொண்டு முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள்.

ரேடார் என்றதும் விமான நிலையத்தில் சுழலும் தட்டை நினைக்க வேண்டாம். 130 மீட்டருக்கு 130 மீட்டர், அதாவது நாலு ஏக்கருக்குச் சற்று மேல், நிலத்தில் வரிசைக்கு 32 வீதம் 32 வரிசையில் 1,024 ஆண்டெனாக்கள் நாற்று நட்டதுபோல நிற்கின்றன. அந்தக் காலத்தில் தூரதர்ஷன் பார்க்க மொட்டை மாடியில் கட்டிய மீன்முள் ஆண்டெனாவின் உறவுதான் இவை. அலைவரிசை 53 மெகாஹெர்ட்ஸ். பழைய தூரதர்ஷன் அலைவரிசைகளுக்குப் பக்கம்தான். 1990-களில் 32 டிரான்ஸ்மிட்டர்கள் சேர்ந்து உச்சத்தில் 2,500 கிலோவாட் அனுப்பின. பிற்பாடு ஒவ்வொரு ஆண்டெனாவுக்கும் தனிச் சாதனம் என்று புதுப்பித்தார்கள்.

2,500 கிலோவாட் என்றதும் மலைக்க வேண்டாம். தொடர்ந்து அனுப்புவதில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துடிப்பாக அனுப்பி, பிறகு காது கொடுத்துக் கேட்கும். அதிகபட்சமாக நாற்பது பங்கு நேரத்தில் ஒரு பங்குதான் பேச்சு. மற்றதெல்லாம் மௌனம். ஆக, ஒரு மணி நேரத்துக்கு அறுபது யூனிட் சொச்சம் வானத்துக்குப் போகும்.

மேலே காற்று சுழன்று கலங்கும் இடங்களில் வெப்பமும் ஈரமும் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். அந்த மாறுதலில் பட்டு அலையின் மிகமிகச் சிறு பகுதி திரும்பி வருகிறது. பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்த் திரும்ப விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம். தாமதத்தை வைத்து உயரத்தையும், திரும்பிய அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை வைத்துக் காற்றின் வேகத்தையும் கணக்கிடுகிறார்கள். மழைமேகங்கள் முட்டி நிற்கும் 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் என்ன நடக்கிறது, பருவக்காற்று மேலே எப்படி ஓடுகிறது என்பதெல்லாம் இப்படித்தான் தெரிகிறது.

அனுப்பியதில் திரும்பி வருவது கோடி கோடியில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சம் எங்கே போச்சு? பெரும்பகுதி காற்றைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடுகிறது. 1992-இல் புறப்பட்ட துடிப்பு இன்றும் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. கொஞ்சம் வழியில் உறிஞ்சப்பட்டு, அளக்க முடியாத அளவு சூடாகிறது. எதுவும் காணாமல் போகவில்லை.

பைசாவும் லட்சமும்

மண்டிக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, ரேடியேஷன் ரேடியேஷன்னு சொல்றாங்களே, செல் டவரும் எக்ஸ்ரேயும் ஒண்ணுதானே?"

குடும்பம் ஒன்றுதான், பொட்டலம் வேறு. காதங்கியில் 1998-இல் ஜப்பானியக் கூட்டுறவோடு நிறுவிய லிடார் கருவி ஒன்று 532 நானோமீட்டர் பச்சை லேசர் ஒளியை வானத்துக்கு அனுப்புகிறது. அந்தப் பச்சை ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல், பக்கத்திலேயே உள்ள ரேடாரின் துகள் ஒன்றைவிட ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு. ரேடார் துகளைப் பைசா என்று வைத்தால் பச்சைத் துகள் ஒரு லட்சம் ரூபாய்! எக்ஸ் கதிர்த் துகள் பச்சையைவிடவும் பல்லாயிரம் மடங்கு பெரியது.

உடம்பின் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி, மரபணுவைச் சிதைக்க ஒரே துகளில் பெரிய தொகை வேண்டும். எக்ஸ் கதிருக்கு அது உண்டு. கடும் வெயிலின் புறஊதாக் கதிருக்கும் கெடுக்கிற அளவு உண்டு. ரேடியோத் துகளுக்கும் கைபேசித் துகளுக்கும் அது கிடையாது. அதற்காக அவை எவ்வளவு குவிந்தாலும் ஒன்றும் செய்யாது என்பதில்லை. பைசா மூட்டையும் கனக்கும். ஏராளமாகக் குவிந்தால் சூடு உண்டாகும். மைக்ரோவேவ் அடுப்பு அதைத்தான் செய்கிறது. அதனால்தான் சக்திக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். பயப்படுவதானாலும் எதற்கு எவ்வளவு என்று எடைபோட்டுப் பயப்பட வேண்டும்.

அழியாததை ஏன் சேமிக்க வேண்டும்?

ஆற்றல் அழியாது என்று சொல்லிவிட்டு, டிசம்பர் 14 அன்று ஆற்றல் சேமிப்பு நாள் கொண்டாடுகிறார்களே, இது முரண் இல்லையா என்று என் பேரன் கேட்டான். நல்ல கேள்வி. வாராக்கடன் என்று ஒன்று இருப்பது வியாபாரிக்குத் தெரியும். பேரேட்டில் தொகை இருக்கும், கைக்கு வராது. அறுபது வாட் குண்டு பல்பு வாங்கிய மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கைத்தான் ஒளியாகத் தந்தது. மிச்சம் அறைச் சூடு. அந்தச் சூட்டைத் திரட்டி மறுபடி விளக்கெரிக்க முடியாது. அதே வெளிச்சத்தை ஒன்பது வாட் எல்.இ.டி. தருகிறது. சேமிப்பு என்பது ஆற்றலை அழியாமல் காப்பது அல்ல. வசூலாகும் முதல் வாராக்கடனாகிவிடாமல் காப்பதுதான்.

பூமியின் கணக்கும் இதுவே. சூரியன் தருவதில் பத்தில் மூன்று பங்கை மேகமும் பனியும் மற்றவையும் அப்படியே திருப்பியனுப்புகின்றன. மற்றதைப் பூமி வாங்கி, ஏறக்குறைய அதே அளவை அகச்சிவப்புக் கதிராகத் திருப்பித் தருகிறது. வந்த ஒவ்வொரு வெயில் துகளுக்கும் சுமார் இருபது சிறு துகள்கள் வெளியேறுகின்றன. சூரியன் நூறு ரூபாய் நோட்டாகக் கொடுக்க, பூமி இருபது ஐந்து ரூபாய் நாணயமாகத் திருப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகை அதேதான். நோட்டு சில்லறையாகிற அந்த இடைவெளியில்தான் மழை பெய்கிறது, கரும்பு வளர்கிறது, நாம் வாழ்கிறோம். எரிபொருள் புகையால் காற்றில் கரியமில வாயு கூடக்கூடச் சில்லறை வெளியேறுவது தடைப்படுகிறது. உள்ளே தங்குவதுதான் இன்றைய புவி வெப்பம்.

கணக்கு முறையையே சந்தேகித்த காலம்

விஞ்ஞானிகள் இந்த விதியை வேதவாக்காக வைத்துக் கும்பிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இரண்டு முறை இதைக் கைவிடலாமா என்று பெரியவர்களே யோசித்தார்கள்.

முதல் முறை 1924. எக்ஸ் கதிர்த் துகள் எலக்ட்ரானோடு மோதும்போது ஒவ்வொரு மோதலிலும் ஆற்றல் கணக்கு ஒத்துவர வேண்டியதில்லை, மொத்தச் சராசரியில் ஒத்துவந்தால் போதும் என்று நீல்ஸ் போர், கிராமர்ஸ், ஸ்லேட்டர் மூவரும் எழுதினார்கள். தினக்கணக்கு உதைக்கலாம், வருஷ ஐந்தொகை சரியாயிருந்தால் போதும் என்பது போல. 1925-இல் பெர்லினில் போத்தேயும் கைகரும் இதைச் சோதித்தார்கள். சிதறிய கதிருக்கு ஒரு கருவி, எகிறிய எலக்ட்ரானுக்கு ஒரு கருவி. ஒவ்வொரு மோதலிலும் கணக்கு ஒத்துவருமானால் இரண்டும் ஒரே நேரத்தில் சத்தம் கொடுக்க வேண்டும். கொடுத்தன, ஆயிரத்தில் ஒரு விநாடிக்குள். தினக்கணக்கும் ஒத்துத்தான் வருகிறது என்று நிரூபணமாயிற்று.

இரண்டாவது சிக்கல் பெரியது. சில அணுக்கரு சிதையும்போது எலக்ட்ரான் வெளிவருகிறது. ஒரே வகை அணு, ஒரே வகைச் சிதைவு. ஆனால் எலக்ட்ரான் ஒருதரம் அதிக ஆற்றலோடும் ஒருதரம் குறைந்த ஆற்றலோடும் வருவதை 1914-இல் சாட்விக் கண்டார். மிச்சம் சூடாக எங்காவது ஒளிந்திருக்குமோ என்று 1927-இல் எல்லிஸ், வூஸ்டர் இருவரும் அளந்தார்கள். சூடாகவும் இல்லை. கணக்கு உண்மையாகவே உதைத்தது. இந்த இடத்தில் ஆற்றல் விதி செல்லாதோ என்று போர் மறுபடியும் கேட்டார்.

1930 டிசம்பர் 4 அன்று வுல்ஃப்காங் பவுலி ஒரு கடிதம் எழுதினார். மின்னேற்றமில்லாத, கண்டுபிடிக்க மிகக் கஷ்டமான ஒரு துகள் கூடவே வெளியேறி அந்த மிச்சத்தைக் கொண்டுபோகிறது என்பது அவர் யோசனை. முதலாளி சொல்கிற அதே வார்த்தை! பதிவு விட்டுப்போயிருக்கு, தேடு. ஃபெர்மி அதற்கு நியூட்ரினோ என்ற பெயரை வழங்கச் செய்து, கொள்கையும் எழுதினார். 26 வருஷம் தேடி, 1956-இல் அமெரிக்காவின் சவானா ரிவர் அணு உலைப் பக்கத்தில் ரெயின்ஸும் கோவனும் அதைப் பிடித்தார்கள்.

தங்கவயலில் அகப்பட்ட துகள்

1956-இல் பிடித்தது உலையில் பிறந்த நியூட்ரினோ. வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போதும் நியூட்ரினோ பிறக்க வேண்டும் என்று கணக்குச் சொன்னது. அதைப் பிடிப்பது எப்படி? பூமியின் மேல்பரப்பில் மற்ற துகள்களின் இரைச்சல் தாங்காது. ஆழத்துக்குப் போனால் மற்றவற்றைப் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் பாறையையும் துளைத்து வரும், எப்போதாவது ஒன்று பாறையில் மோதி மியூவான் என்ற துகளை உண்டாக்கும்.

அவ்வளவு ஆழம் கோலாரில் இருந்தது. 1950-களின் தொடக்கத்திலேயே பி.வி. ஸ்ரீகண்டன் அங்கே இறங்கி அளவெடுத்தார். 1965-இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தன. மேனன், ஸ்ரீகண்டன், நரசிம்மம், மியாகே, உல்ஃபென்டேல் ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தவர்கள். மேலிருந்து வருவதைவிடப் பக்கவாட்டில் வரும் தடத்தையே தேடினார்கள். ஏனென்றால் பக்கவாட்டில் பல கிலோமீட்டர் பாறையைக் கடந்து வர வேறு எதனாலும் முடியாது. அகப்பட்டது. அதே வருஷம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ரெயின்ஸ் குழுவும் கண்டது. காற்றில் பிறந்த நியூட்ரினோவை மனிதகுலம் முதலில் கண்ட இரண்டு இடங்களில் ஒன்று நம் பக்கத்து ஊர்!

இப்போது நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்த 2.3 கிலோமீட்டர் ஆழம் விஞ்ஞானிகள் தோண்டியதல்ல. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனிக்காக அதைத் தோண்டியவர்களில் பெரும்பான்மையோர் வட ஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடிப் போன தமிழர்கள். அதிலும் மிகுதியானோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தார். 1902-இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து சுமார் 92 மைல் கம்பி இழுத்து அங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். உலகின் மிக நீண்ட மின்பாதைகளில் ஒன்றாக அன்று அது இருந்தது. காவிரி விழுந்த ஆற்றலும், பாறைச் சூட்டில் வெந்த மனிதர் ஆற்றலும் சேர்ந்துதான் அந்த ஆழம் உண்டாயிற்று. பாறை வெடித்து இறந்தவர் உண்டு. கல்தூசு நுரையீரலில் படிந்து இருமி இருமி மாண்டவர் உண்டு. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது.

ஆய்வுக் கட்டுரையில் விஞ்ஞானிகள் பெயர் வரும். அது முறை, அதில் குறையில்லை. ஆனால் நாம் போடும் ஐந்தொகையில் தோண்டியவர் பதிவு இருக்க வேண்டாமா? ஒரு துகள் காணவில்லை என்று 26 வருஷம் தேடியது உலகம். ஒரு தலைமுறை மனிதரின் உழைப்புக் கணக்கில் ஏறாமல் நிற்கிறது. அதை நாம்தான் தேட வேண்டும்.

முன்னோர் சொன்னதும் சொல்லாததும்

எங்கள் சமண மரபில் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், பொருளுக்குத் தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் உண்டு என்கிறது. ஒளியையும் நிழலையும் வெப்பத்தையும் புத்கலத்தின் நிலைகளாகக் கொள்கிறது. "அப்படியானால் ஆற்றல் விதியை நம்மவர் அன்றே சொல்லிவிட்டார்கள்" என்று நண்பர்கள் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது ஆழ்ந்த தத்துவம். ஆனால் அதில் ஜூலின் 772 இல்லை. அளந்து சொன்ன எண்தான், தப்பாயிருந்தால் தப்பு என்று காட்ட இடம் கொடுக்கும். போத்தேயும் எல்லிஸும் சோதித்தது அந்த இடத்தில்தான். முன்னோருக்கு இரவல் நகை போட்டு அழகு பார்க்கத் தேவையில்லை. அவர்கள் சொன்னதற்கே தனி மதிப்பு உண்டு.

வெளிமாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகள் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் விஞ்ஞானம் படிக்கிறார்கள். தவறில்லை. வீட்டில் ஒருதரமாவது ஆற்றல், அலை, கதிர் என்று தமிழில் பேசுங்கள். காதங்கி வழியாகப் போகும்போது, இங்கேதான் வானத்தை அளக்கிறார்கள் என்று காட்டுங்கள். தங்கவயலில் வேலை பார்த்த தாத்தா, பெரியப்பா யாராவது இருந்தால், எந்தச் சுரங்கம், எந்த வருஷம், எத்தனை அடி ஆழம், என்ன வேலை என்று கேட்டு எழுதி வையுங்கள். சங்கம் இசைந்தால் அடுத்த மலரில் அவற்றைத் தொகுத்து வெளியிடலாம். எழுத்து வேலை என்னுடையது. சொல்லக்கூடியவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

வாழ்க தமிழ்.